சம்பளப் பட்டியலில் இல்லாத பெண்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்கள் சிலர் இந்த நாணயத்தைக் கையில் வாங்கியிருக்கலாம். 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு டாலர் நாணயம். தங்கம் போலப் பளபளக்கும், ஆனால் தங்கம் இல்லை. முதுகில் தூங்கும் குழந்தையைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேல் திரும்பி நம்மைப் பார்க்கும் ஓர் இளம்பெண் அதில் இருக்கிறாள். அவள் பெயர் சகாகவியா. ஷோஷோனி என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். நாணயத்தில் இருப்பது அவள் முகம் அல்ல. அவளை யாரும் படம் வரைந்து வைக்கவில்லை. நம் காலத்து ஷோஷோனி மாணவி ஒருத்தியை உட்காரவைத்து அந்த உருவத்தை வடித்தார்கள்.

அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால், 'லூயிஸ், கிளார்க் இருவருக்கும் வழிகாட்டியவள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பயணத்தில் போனவர்கள் தினமும் எழுதிவைத்த நாள்குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை வாசித்தால், வழிகாட்டியது அவள் செய்ததில் சிறு பங்கு என்று தெரிகிறது. அவள் முக்கியமாகச் செய்தது பேசியது. நம் ஊரில் கம்பெனிக் காலத்தில் துபாஷி என்பார்களே, அந்த வேலை. இத்தனை பேருடைய பேச்சை மாற்றிச் சொன்ன பெண்ணின் சொந்த வார்த்தையாக அந்தக் குறிப்புகளில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடக்கூடிய விஷயங்களே இருக்கின்றன. அதனால்தான் அவளைப் பற்றி எழுதத் தோன்றியது.

முதலில் பின்னணி. 1803இல் அமெரிக்கா, நெப்போலியனின் பிரான்சிடமிருந்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பிரம்மாண்டமான நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே காலங்காலமாகக் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. வாங்கிய நிலத்தில் என்ன இருக்கிறது, அதைத் தாண்டிப் பசிபிக் கடலுக்குப் படகில் போக வழி உண்டா என்று பார்த்துவர, ஜனாதிபதி ஜெஃபர்சன் ஒரு ராணுவக் குழுவை அனுப்பினார். தலைவர்கள் மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க். 1804 மே 14ஆம் தேதி செயின்ட் லூயிஸ் அருகிலிருந்து மிசூரி ஆற்றை எதிர்த்துப் படகில் கிளம்பினார்கள். குளிர்காலம் வந்ததும், இன்றைய வடக்கு டகோட்டாவில் மாண்டன், ஹிடாட்சா மக்களின் ஊர்களுக்குப் பக்கத்தில் மரக்கோட்டை கட்டித் தங்கினார்கள்.

அங்கே அவர்களுக்கு ஒரு சங்கதி தெரிந்தது. ஆறு முடிகிற இடத்தில் மலை. அதைத் தாண்டக் குதிரை வேண்டும். குதிரை வைத்திருப்பவர்கள் ஷோஷோனிகள். அவர்கள் பாஷை குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில் வேலை கேட்டு வந்தவன் டூசான் ஷார்பொனோ. ஹிடாட்சாக்களோடு வாழ்ந்த பிரெஞ்சுக் கனடாக்காரன், தோல் வியாபாரத்தில் இருந்தவன். அவன் வீட்டில் ஷோஷோனிப் பெண்கள் இருவர். அதில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. அவள்தான் சகாகவியா. வயது பதினாறு, பதினேழு இருக்கும்.

மனைவி என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. சுமார் 1800இல், மிசூரி ஆறு பிறக்கும் முக்கூடல் பக்கத்தில் அவள் கூட்டம் கூடாரம் போட்டிருந்தபோது ஹிடாட்சாக்கள் துப்பாக்கியோடு வந்து தாக்கினார்கள். ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் எனப் பலர் செத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணாக ஆற்றின் நடுவில் ஓடும்போது பிடிபட்டவள் இவள். நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுபோனார்கள். பிறகு ஷார்பொனோ கைக்கு வந்தாள். அவனுக்கு அவளைவிட இருபது வயதாவது கூட. இவள் சம்மதம் எந்தக் கட்டத்திலும் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

1805 பிப்ரவரி 11ஆம் தேதி குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம், வலி தாங்கமுடியாமல் இழுத்துக்கொண்டே போனது. சாரைப்பாம்பு விரியன் என்று வகை வகையாகப் பாம்பு பார்த்த நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். வாலில் கிலுகிலுப்பை உள்ள பாம்பு அந்த ஊரில் உண்டு. அந்த வால் வளையம் இரண்டைப் பொடித்துத் தண்ணீரில் கொடுத்தால் உடனே பிறக்கும் என்று அங்கிருந்த வேறொரு துபாஷி சொன்னான். லூயிஸிடம் அப்படி ஒரு வால் இருந்தது. கொடுத்தார். பத்து நிமிஷத்தில் பிள்ளை பிறந்ததாம். மருந்தினால்தானா என்பதில் எனக்கு நிச்சயமில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆண் குழந்தை, பெயர் ஷான் பாப்டிஸ்ட். கிளார்க் செல்லமாகப் 'பாம்ப்' என்று கூப்பிட்டார்.

ஏப்ரல் 7ஆம் தேதி குழு கிளம்பியபோது கணக்கு 33 பேர். அதில் 55 நாள் கைக்குழந்தை ஒன்று, பெண் ஒருத்தி. மற்ற எல்லாரும் ஆண்கள்.

போன இரண்டாவது நாளே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். எலி பதுக்கி வைத்திருந்த கிழங்குகளைக் குச்சியால் தோண்டி எடுத்து வந்தாள். மே 14ஆம் தேதி, அதாவது பயணம் தொடங்கிச் சரியாக ஒரு வருஷத்தில், பெரிய விபத்து. பாயில் காற்று அடித்துப் படகு சாய்ந்தது. சுக்கான் ஷார்பொனோ கையில். அவனுக்கு நீச்சலும் தெரியாது, தைரியமும் கிடையாது. சுக்கானை விட்டுவிட்டுக் கடவுளைக் கூவிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். 'பிடிக்கிறாயா, சுடட்டுமா' என்று படகோட்டி க்ருசாட் மிரட்டிய பிறகுதான் பிடித்தான். தலைவர்கள் இருவரும் கரையில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. காகிதம், கருவி, மருந்து எல்லாம் அந்தப் படகில்தான். தண்ணீர் ஏறிய படகில் பின்பக்கம் உட்கார்ந்திருந்த சகாகவியா, மிதந்து போனவற்றை ஒவ்வொன்றாகக் கையை நீட்டிப் பிடித்துச் சேர்த்தாள். மடியில் மூன்று மாதக் குழந்தை. இரண்டு நாள் கழித்து லூயிஸ் அவள் மனஉறுதியைப் பாராட்டி எழுதினார். அந்த வாரமே ஓர் ஆற்றுக்கு அவள் பெயரை வைத்தார்கள்.

ஜூனில் அவளுக்குக் கடும் நோய். கிளார்க் பலமுறை ரத்தம் எடுத்தார். அந்தக் கால வைத்தியம் அப்படி, நோயாளியை மேலும் வாட்டிவிடும். லூயிஸ் வந்து, பக்கத்தில் இருந்த கந்தக ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கவைத்தார். தேறினாள். எழுந்ததும் பச்சைக் கிழங்கும் உலர்ந்த மீனும் தின்றுவிட்டாள், காய்ச்சல் திரும்பியது. பத்தியத்தைக் கவனிக்காத புருஷனை லூயிஸ் திட்டித் தீர்த்தார். அக்கறைதான். ஆனால் அந்த அக்கறைக்கு இன்னொரு காரணத்தையும் அவரே மறைக்காமல் எழுதுகிறார்: கைக்குழந்தைக்காரி என்ற பரிதாபம் ஒன்று, ஷோஷோனிகளிடம் குதிரை வாங்க இவளை விட்டால் நாதியில்லை என்பது இன்னொன்று.

ஜூலை கடைசியில் முக்கூடலுக்கு வந்தார்கள். அவளைப் பிடித்துப்போன அதே இடம். இங்கேதான் பிடித்தார்கள் என்று காட்டினாள். அவள் முகத்தில் துக்கமும் தெரியவில்லை, ஊருக்குத் திரும்பும் சந்தோஷமும் தெரியவில்லை, வயிற்றுக்குச் சாப்பாடும் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் மணியும் இருந்தால் இவள் எங்கேயும் திருப்தியாக இருப்பாள் என்று லூயிஸ் அன்று எழுதினார். படித்த மனிதர், நல்ல கண் உள்ளவர். பூவையும் பறவையையும் அத்தனை நுணுக்கமாக வர்ணிப்பவர். பன்னிரண்டு வயதில் அடிமைப்பட்டவள், அடிக்கிற புருஷன் பக்கத்தில் நிற்க, முன்பின் பழகாத இத்தனை ஆண்களுக்கு நடுவே முகத்தில் எதைக் காட்டுவாள்? அவன் அடித்தான் என்பது என் கற்பனையல்ல. ஆகஸ்ட் 14ஆம் தேதி சாப்பாட்டு நேரத்தில் அவளை அடித்ததற்காக ஷார்பொனோவைக் கண்டித்ததாகக் கிளார்க் எழுதியிருக்கிறார்.

மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 17. முன்னால் போன லூயிஸ் ஷோஷோனிகளைக் கண்டுபிடித்துவிட்டார். பின்னால் கிளார்க்கோடு வந்த சகாகவியா, தூரத்தில் குதிரையில் வந்தவர்களைப் பார்த்ததும் குதித்து ஆடத் தொடங்கினாள். விரலை வாயில் வைத்துச் சப்பிக் காட்டினாள். இவர்களிடம் பால் குடித்து வளர்ந்தவள் நான், என் ஜனங்கள் என்று அதற்கு அர்த்தம். கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அன்று இவளோடு பிடிபட்டு, தப்பி ஓடிவந்துவிட்ட தோழி.

பிறகு பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பு நடந்த விதத்தைப் பாருங்கள். லூயிஸ் ஆங்கிலத்தில் சொல்வார். லபீஷ் என்ற சிப்பாய் அதைப் பிரெஞ்சில் சொல்வான். ஷார்பொனோ அதை ஹிடாட்சாவில் சொல்வான். சகாகவியா அதை ஷோஷோனியில் சொல்ல வேண்டும். பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். உட்கார்ந்து வாயைத் திறக்கப் போனவள் எதிரில் இருந்த தலைவரின் முகத்தைப் பார்த்தாள். கமியாவெயிட். அவள் கூடப்பிறந்தவர். எழுந்து ஓடிப் போய்த் தன் போர்வையை அவர்மேல் போட்டு அழுதாள். திரும்ப வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினாலும் நடுநடுவே அழுகை வந்து பேச்சு நின்றுவிட்டதாம். (அவர் சித்தப்பா, பெரியம்மா பிள்ளை முறையில் அண்ணனாக இருக்கலாம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. நமக்கு அது பெரிய வித்தியாசமில்லை.) குடும்பத்தில் யார் யார் மிச்சம் என்று அன்றுதான் தெரிந்தது. சகோதரர்கள் இருவர், செத்துப்போன அக்காவின் பையன் ஒருவன். அந்தப் பையனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டாள். ஆனால் அவனை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போனாள்.

சினிமாவாக இருந்தால் இங்கே இடைவேளை. நான் பலமுறை திரும்பிப் படித்தது இதற்கு எட்டு நாள் கழித்து நடந்ததைத்தான்.

அந்த வருஷம் ஷோஷோனிகள் பட்டினி. காட்டெருமை இருப்பது கிழக்கே சமவெளியில். அங்கே போனால் துப்பாக்கி வைத்திருக்கும் எதிரிகள். அதனால் மலையில் பழமும் மீனும் தின்று நாள் தள்ளிவிட்டு, வருஷத்தில் கொஞ்ச காலம் கூட்டமாக இறங்கி வேட்டையாடித் திரும்புவார்கள். லூயிஸ் குழு வந்ததால் அந்த வேட்டை தள்ளிப்போயிற்று. மூட்டைகளை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கக் குதிரையும் ஆளும் தருகிறேன் என்று கமியாவெயிட் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஜனங்கள் பசியில் துடிப்பதைப் பார்க்க முடியாமல், அவர்களை மறுநாளே வந்து சேரச் சொல்லி ஆள் அனுப்பினார். சேர்ந்து வேட்டைக்குப் போய்விடலாம் என்று திட்டம். அப்படிப் போயிருந்தால் லூயிஸ் மலைநடுவில் மூட்டைகளோடு நின்றிருப்பார். பயணம் அந்த இடத்தில் முடிந்திருக்கலாம்.

இது சகாகவியாவுக்குத் தெரிந்தது. புருஷனிடம் சொன்னாள். அவன் அதை மனதில் போட்டுக்கொண்டு சாவகாசமாக மத்தியானம் பேச்சுவாக்கில் லூயிஸிடம் சொன்னான். லூயிஸ் அவனைச் சாடிவிட்டுத் தலைவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்ன சொல் காப்பவர்களா இல்லையா என்று கேட்டார். கமியாவெயிட் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் ஜனங்கள் பசியோடு இருப்பதைப் பார்த்துத் தப்பு செய்தேன், இனி வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்றார். சொன்னபடி காப்பாற்றினார். மாத முடிவில் குழு 29 குதிரைகளோடு கிளம்பியது.

அவள் ஏன் சொன்னாள்? கூடப்பிறந்தவருக்கு எதிராக, பசித்த தன் ஜனங்களுக்கு எதிராக என்று இதைப் படிக்கலாம். இந்த வெள்ளைக்காரர்கள் துப்பாக்கி விற்பதாகச் சொல்லியிருந்தார்கள், அது கிடைத்தால் தன் கதி இன்னொரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு வராது என்று நினைத்தாள் எனவும் படிக்கலாம். நான் இரண்டாவதன் பக்கம். அவளிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. கிளம்பும்போது உன் ஊரிலேயே இருந்துவிடுகிறாயா என்றும் யாரும் கேட்டதாக எழுதவில்லை. அண்ணனை அவள் மறுபடி பார்த்ததாகப் பதிவு இல்லை. அவர்கள் சந்தித்த இடம் இன்று ஓர் அணைக்கட்டின் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

மலையைத் தாண்டும் வழியைக் காட்டியவர் அவள் அல்ல. 'டோபி' என்று இவர்கள் பெயர் வைத்த ஒரு ஷோஷோனிக் கிழவர். சிலைகளில் அவரைக் காணோம். மேற்கே இறங்கிய பிறகு அவள் பேசவே வேண்டியிருக்கவில்லை, பிள்ளையோடு இருந்ததே போதுமாக இருந்தது. சண்டைக்கு வருகிறவன் பெண்ணையும் குழந்தையையும் கூட்டி வரமாட்டான் என்று வழியில் இருந்த ஜனங்கள் பயம் தெளிந்தார்கள். இதைக் கிளார்க் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

நவம்பரில் பசிபிக் கடற்கரை. குளிர்காலத்துக்கு எங்கே தங்குவது என்று 24ஆம் தேதி ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார்கள். கிளார்க்கின் அடிமையான யார்க் என்ற கறுப்பரும் சொன்னார். சகாகவியாவும் சொன்னாள்: கிழங்கு நிறையக் கிடைக்கிற இடமாகப் பாருங்கள். குடும்பம் நடத்துகிறவள் பேச்சு. அமெரிக்காவின் பழங்குடியினர் எல்லாருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924இல். அதற்கு 119 வருஷம் முன்னால் நடந்தது இது.

இன்னொரு முறையும் வாய் திறந்தாள். 1806 ஜனவரியில் கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. கிளார்க் ஆட்களோடு கிளம்பினார். அவளைச் சேர்க்கவில்லை. இந்தப் பெரிய தண்ணீரைப் பார்க்க உங்களோடு இவ்வளவு தூரம் நடந்து வந்தேன், இப்போது அந்தப் பெரிய மீனும் வந்திருக்கிறது, இரண்டையும் எனக்குக் காட்டமாட்டேன் என்பது நியாயமா என்று கேட்டாள். கூட்டிப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது எலும்புக்கூடுதான் மிச்சம். பரவாயில்லை, கடலைப் பார்த்தாள். அவள் தனக்காகக் கேட்டதாகப் பதிவாகியிருப்பது இந்த ஒன்றுதான்.

திரும்பி வரும் வழியில்தான் உண்மையாகவே வழிகாட்டினாள். 1806 ஜூலையில் கிளார்க்கின் பிரிவு அவள் சின்ன வயதில் கிழங்கு தோண்டித் திரிந்த நாட்டுக்குள் வந்தது. எந்தக் கணவாயில் போகலாம் என்று அவள் சொன்னாள், அவர் கேட்டார், சரியாக இருந்தது. பின்னாளில் ரயில் பாதையும் அந்தக் கணவாய் வழியாகத்தான் போயிற்று.

ஆகஸ்ட் 17ஆம் தேதி மாண்டன் ஊரில் கணக்கு முடித்தார்கள். நான் சர்க்கார் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். எந்தப் பழைய சங்கதியைப் படித்தாலும் கடைசியில் யாருக்கு எவ்வளவு பட்டுவாடா ஆனது என்று தேடுகிற புத்தி இன்னும் போகவில்லை. ஷார்பொனோவுக்கு 500 டாலர் 33 சென்ட், அதில் அவன் கொடுத்த குதிரைக்கும் கூடாரத்துக்கும் உள்ள விலையும் சேர்ந்தது. பிற்பாடு 320 ஏக்கர் நிலம். சிப்பாய்களுக்கு இரட்டைச் சம்பளமும் நிலமும். யார்க்குக்கு ஒன்றும் இல்லை, அவர் கிளார்க்கின் உடைமை. சகாகவியாவுக்கும் ஒன்றும் இல்லை. பட்டியலில் பெயரே கிடையாது. மூன்று நாள் கழித்துக் கிளார்க் படகிலிருந்து ஷார்பொனோவுக்குக் கடிதம் எழுதினார். உன் மனைவி பட்ட கஷ்டத்துக்கும் செய்த வேலைக்கும் நாங்கள் கொடுக்க முடிந்ததைவிடப் பெரிய வெகுமதிக்கு உரியவள் என்று. அந்தக் கடிதமும் அவனுக்குத்தான், அவளுக்கு இல்லை.

பிள்ளையைத் தன்னிடம் விட்டால் வளர்க்கிறேன் என்று கிளார்க் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். 1809இல் செயின்ட் லூயிஸுக்கு வந்தார்கள். 1811இல் பையனை அங்கே விட்டுவிட்டு அவளும் புருஷனும் மறுபடி மிசூரி ஏறினார்கள். அதே படகில் போன ஒருவர், அவள் உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போகும் ஏக்கத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறார். 1812 டிசம்பர் 20, இன்றைய தெற்கு டகோட்டாவில் ஒரு வியாபாரக் கோட்டை. குமாஸ்தா ஜான் லுட்டிக் அன்றைய நாள்குறிப்பில், ஷார்பொனோவின் ஷோஷோனி மனைவி காய்ச்சலில் இறந்தாள், இந்தக் கோட்டையிலேயே நல்ல பெண், வயது சுமார் 25, ஒரு பெண் குழந்தையை விட்டுப் போயிருக்கிறாள் என்று எழுதினார். அங்கேயும் பெயர் இல்லை.

பெயர் இல்லாததால் ஒரு வழக்கு கிளம்பியது. செத்தது இன்னொரு மனைவி, சகாகவியா வயோமிங்கில் தன் ஜனங்களோடு வாழ்ந்து 1884இல்தான் இறந்தாள் என்று ஒரு மரபு. அங்கே கல்லறையும் இருக்கிறது. நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1825க்குப் பிறகு கிளார்க் தன் பயணக் கூட்டாளிகள் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதிவைத்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'இறந்தாள்' என்று இருக்கிறது. பிள்ளையை வளர்த்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்தப் பிள்ளை பாம்ப், ஜெர்மன் இளவரசர் ஒருவரோடு ஐரோப்பா போய் ஆறு வருஷம் இருந்து, பல பாஷை பேசுகிறவனாகத் திரும்பி வந்து, மலைக்காட்டில் வழிகாட்டியாகவே வேலை பார்த்து 1866இல் ஓரிகானில் இறந்தான். அம்மாவின் தொழிலை அவன் விடவில்லை.

அவளை எல்லாரும் மறந்து கிடந்தார்கள். நினைவுபடுத்தியது ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள். 1902இல் ஈவா எமரி டை என்ற எழுத்தாளர் ஒரு நாவலில் அவளை நாயகி ஆக்கினார். 1905இல் போர்ட்லாந்தில் பெண்களே பணம் திரட்டி வெண்கலச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவில் சூசன் பி. ஆண்டனி பேசினார். குழந்தை முதுகில், கை தூரத்தைச் சுட்டிக்காட்டும். வழிகாட்டி என்ற பட்டம் ஊன்றியது அப்போதுதான். 2001இல் ஜனாதிபதி கிளின்டன் அவளுக்கும் யார்க்குக்கும் ராணுவத்தில் கௌரவ சார்ஜென்ட் பதவி கொடுத்தார்.

சிலை திறந்து இரண்டு வருஷம் கழித்து, 1907இல், அவள் பிறந்த லெம்ஹி பள்ளத்தாக்கில் மிச்சமிருந்த ஷோஷோனிகளை அரசாங்கம் அங்கிருந்து கிளப்பி, தெற்கே ஃபோர்ட் ஹால் ஒதுக்கீட்டு நிலத்துக்கு அனுப்பியது. வீட்டையும் புதைத்த முன்னோர்களையும் விட்டுவிட்டு மலை வழியாக நடந்து போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் தங்களைத் தனிக் குடியாக அங்கீகரிக்கச் சொல்லி வாஷிங்டனுக்கு மனுப் போட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் சாமன் என்ற ஊரில் இப்போது சகாகவியா பெயரில் ஒரு நினைவு மையம் இருக்கிறது.